தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்: கிருஷ்ணகிரியில் இரண்டு நாள் டிரஸ்ட் பயிற்சி

டிரஸ்ட் நடத்துகிறவர்களுக்குக் கூட்டம் நடத்துவது, நிர்வாகம், நிதி திரட்டுவது பற்றிக் கிருஷ்ணகிரியில் நடக்கிற இரண்டு நாள் பயிற்சிக்கு நாங்கள் போய்வந்தோம். போகலாமா வேண்டாமா என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஆனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் டிரஸ்டின் தலைவரையும் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செயலாளர் மட்டும் போய் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தால் அந்த நோட்டு நேராக பீரோவுக்குத்தான் போகும், அதை நான் நாலு பயிற்சியில் பார்த்துவிட்டேன். இந்த முறை மூன்று பேராகப் போனோம், அதனால்தான் திரும்பி வந்த பிறகு ஏதோ நடந்திருக்கிறது.

எங்களுடையது சின்ன டிரஸ்ட். பாலக்கோடு பக்கம் ஐந்து ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியோடு இருக்கிற பிள்ளைகள்தான் அதிகம். சுமார் 130 பிள்ளைகள், ஏழு அறங்காவலர்கள், வருஷத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் செலவு. ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் இந்த வருஷம் எப்படி ஓட்டுவது என்ற கவலையோடுதான் தொடங்கும். டிரஸ்டை ஆரம்பித்த எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாங்கள் எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், எங்களில் மூன்று பேர் அவரிடமே படித்தவர்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பயிற்சி ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், சனி ஞாயிறு. ஆளுக்கு 1,800 ரூபாய், ஒரே அமைப்பிலிருந்து மூன்று பேர் வந்தால் 4,500. மதியச் சாப்பாடு, டீ, கையேடு எல்லாம் அதில் அடக்கம். முதல் நாள் ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள், ரொம்ப நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் சாம்பார் சாதம், பரவாயில்லை. பத்து மணி என்று போட்டுவிட்டு பத்து ஐம்பதுக்குத்தான் ஆரம்பித்தார்கள். தர்மபுரியிலிருந்து காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாக ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம், அதற்காக வீட்டிலிருந்து ஏழரைக்கே கிளம்பிய எங்களுக்கு அந்த ஐம்பது நிமிஷம் வலித்தது. மாடியில் மின்விசிறிச் சத்தம் வேறு, பின்வரிசைக்குப் பாதி பேச்சு கேட்கவில்லை. மைக் ஒன்று வைத்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பின்வரிசைப் பிரச்சினை கால் மணி நேரம்தான் இருந்தது. பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், மதுரைப் பக்கம், மேடம் வேண்டாம் அக்கா என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் வந்ததும் செய்த முதல் வேலை, மேஜையையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு 26 நாற்காலியையும் வட்டமாகப் போடச் சொன்னது. அப்புறம் ஒரு கேள்வி: “இங்க யார் யார் மகளிர் குழுவுல இருந்திருக்கீங்க?” ஒன்பது கை எழுந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்காவைப் பார்த்து, உங்கள் குழுக் கூட்டம் எப்படி நடக்கும், முதலிலிருந்து கடைசி வரை சொல்லுங்கள் என்றார். அந்த அக்கா முதலில் கூச்சப்பட்டார், பிறகு சொல்லச் சொல்ல வேகம் வந்துவிட்டது. பாய் விரித்து வட்டமாக உட்காருவோம், போன கூட்டத் தீர்மானத்தை ஊக்குநர் சத்தமாகப் படிப்பார், சேமிப்பை எல்லார் முன்னாலும் எண்ணுவோம், கடன் கேட்கிறவர் எதற்கென்று சொல்லுவார், யாருக்கு அவசரம் என்று ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லுவோம், பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம். அவ்வளவுதான் சொன்னார்.

பயிற்சியாளர் அதை அப்படியே சார்ட்டில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு எங்களைப் பார்த்து, உங்கள் டிரஸ்ட் கூட்டத்தில் இதில் எத்தனை நடக்கிறது என்று கேட்டார். மண்டபமே அமைதியாகிவிட்டது. எங்கள் டிரஸ்டில் போன கூட்டத் தீர்மானத்தை யாரும் படித்ததே இல்லை. ஐயா பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம், நான் வீட்டுக்குப் போய் தீர்மானப் புத்தகத்தை எழுதி அடுத்த வாரம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவேன். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களை அரசுத் திட்டமாக முதலில் ஆரம்பித்ததே நம்ம மாவட்டத்தில்தான். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில், அப்போது கிருஷ்ணகிரியும் இதற்குள் சேர்ந்துதான் இருந்தது, 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. மற்ற மாவட்டங்களுக்கு அதற்குப் பிறகுதான் போனது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நம்ம ஊர்ப் பெண்கள் ஒழுங்காகக் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், அதே ஊரில் அவர்களுக்கு உதவப் போகிறோம் என்று கிளம்பிய டிரஸ்டுகளுக்குக் கூட்டம் நடத்தத் தெரியவில்லை. இதைப் பயிற்சியாளர் குத்திக்காட்டவில்லை, எனக்குத்தான் உறைத்தது.

முதல் நாள் சாயந்திரம் வரை கூட்டம் நடத்துவதைப் பற்றித்தான். சொல்லிக்கொடுத்ததைவிட செய்யவைத்ததுதான் அதிகம், அது எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்தை வழிநடத்துகிறவரும் தலைவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டியதில்லை என்பது ஒன்று. தலைவருக்குக் கருத்து இருக்கும், அதைச் சொல்ல அவருக்கு உரிமையும் இருக்கிறது. அதே ஆள் எல்லாரையும் பேசவைக்கவும் வேண்டும் நேரத்தையும் பார்க்கவேண்டும் என்றால் முடியாது, அதனால் முக்கியமான விஷயம் வருகிற கூட்டத்தை வேறொருவர் நடத்தட்டும், தலைவர் நிம்மதியாக உட்கார்ந்து பேசட்டும் என்றார். இன்னொன்று, பேசுகிற வரிசை. வயதில் சின்னவரிடமிருந்து ஆரம்பித்து, பெரியவர் கடைசியாகச் சொல்லவேண்டும். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் நம்ம ஊரில் அதற்குமேல் யார் பேசுவார்கள்? மரியாதையைக் குறைக்காமலே மற்றவர்களைப் பேசவைக்கிற வழி இது. கடைசி வார்த்தை பெரியவருடையது என்பதால் அவருக்கும் குறை இல்லை.

பேசுவதற்கு முன்னால் மூன்று நிமிஷம் எல்லாரும் துண்டுச் சீட்டில் எழுதவேண்டும். தலைப்பிலிருந்து விலகி யாராவது வேறு கதைக்குப் போனால் அதை வெட்டக்கூடாது, சுவரில் “அப்புறம் பேசுவோம்” என்று ஒரு சார்ட் ஒட்டி அதில் எழுதிவிடவேண்டும், கூட்டம் முடிவதற்குள் அதையும் எடுத்துப் பார்க்கவேண்டும். எழுதாமல் அப்புறம் பேசுவோம் என்று வாயால் சொன்னால் அவமானமாக இருக்கும், எழுதிவிட்டால் அவர் சொன்னது பதிவாகிவிட்டது என்று அமைதியாகிவிடுவார். இதைச் செய்து பார்த்தேன், உண்மைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு அட்டை, ஃபேன்சி ஸ்டோரில் பத்து ரூபாய்க்குக் கிடைக்குமே, அதுதான். எட்டுப் பத்து யோசனைகள் சார்ட்டில் இருக்கும்போது ஆளுக்கு மூன்று பொட்டு கொடுத்து, உங்களுக்கு முக்கியம் என்று படுவதில் ஒட்டுங்கள் என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்துபோய் ஒட்டுவதால் யார் எதில் ஒட்டினார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. இரண்டு நிமிஷத்தில் எது எல்லார் மனசிலும் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பொட்டு ஒட்டுவதோடு முடிவாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது, எதைப் பற்றி முதலில் பேசுவது என்று தெரிந்துகொள்ளத்தான் இது, முடிவைப் பேசித்தான் எடுக்கவேண்டும் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

திரும்பி வந்து மூன்றாவது வாரம் எங்கள் கூட்டம். நடத்தியது நான், ஐயாவே நீ நடத்துப்பா என்று சொல்லிவிட்டார், அவரும் பயிற்சிக்கு வந்திருந்ததால்தான் அது நடந்தது. இந்த வருஷம் எதை மாற்றவேண்டும் என்று எல்லாரும் சீட்டில் எழுதினோம். எங்கள் அறங்காவலர்களில் ஒரு அக்கா இருக்கிறார், நாலு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவார், டீ கொடுப்பார், கையெழுத்துப் போடுவார், பேசியதே இல்லை. அவர் எழுதியிருந்தது ஒரே வரி: “பிள்ளை வராத ஊர்ல மையத்தை மூடிட்டு, வர்ற ஊர்ல இன்னொரு டீச்சர் போடலாம்.” பிள்ளை வராத அந்த ஊர் ஐயாவின் சொந்த ஊர். ஆறு பிள்ளைகள்தான் வருகிறார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை. சார்ட்டில் ஒட்டினோம், பொட்டு வைத்தோம், அந்தச் சீட்டின்மேல் பதினொரு பொட்டு, சிலர் ஒன்றுக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். ஐயா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அவர் முறை வந்தபோது, எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்க, நான் ஊர்ல பேசணும் என்றார். ஒரு மாதம் கழித்து அவரே தீர்மானத்தை முன்மொழிந்தார், அந்த அக்கா வழிமொழிந்தார். அந்த ஆறு பிள்ளைகளும் இப்போது பக்கத்து ஊர் மையத்துக்கு ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள். மூன்று பேருக்கு 4,500 ரூபாய் கொடுத்ததற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

நிர்வாகக் குழு பற்றிய பகுதி முதல் நாள் சாயந்திரம். அறங்காவலர் என்றால் விழாவில் மேடையில் உட்காருகிறவர் என்றுதான் நம்மிடம் பழக்கம். கணக்கு தப்பாகப் போனால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே என்பதை நிதானமாகப் புரியவைத்தார். டிரஸ்ட் பணத்தில் அறங்காவலருக்கோ அவர் சொந்தக்காரருக்கோ நியாயத்தை மீறிய லாபம் போனால் வருமான வரி விலக்கே ஆபத்தில் போகும். சொந்தக்காரரிடம் வாங்கவே கூடாது என்றில்லை, மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள், சம்பந்தப்பட்டவர் அந்த முடிவின்போது வெளியே போய் உட்காரட்டும், அவர் வெளியே போனார் என்பதைத் தீர்மானத்தில் எழுதுங்கள் என்றார். எங்கள் நோட்டுப் புத்தகம் அச்சடிப்பது ஒரு அறங்காவலரின் மைத்துனர் அச்சகத்தில், இனி இப்படித்தான் செய்யப்போகிறோம். தீர்மானப் புத்தகத்தில் “விவாதிக்கப்பட்டது” என்ற வார்த்தையையே விட்டுவிடுங்கள், யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இருந்தால்தான் அது தீர்மானம் என்றார். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவர் எங்கள் பழைய தீர்மானம் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, இதில் யார் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் பணம். வெளியே போய்க் கேட்பதற்கு முன்னால் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் கையிலிருந்து கொடுத்திருக்கவேண்டும் என்றார். நூறு ரூபாயாக இருந்தாலும் சரி, தொகை முக்கியமில்லை, ஆனால் ஒருத்தர் விடாமல். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எதிரில் இருப்பவர் கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவேண்டும். ஐயா மட்டும் பதினோரு வருஷமாகப் பென்ஷனிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் உழைப்பைக் கொடுக்கிறோமே என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது ஏழு பேரும் மாதாமாதம் போடுகிறோம்.

இரண்டாம் நாள் காலையில் கேட்டுப் பார்க்கிற பயிற்சி. இரண்டு பேராகப் பிரித்துவிட்டார். எனக்கு எதிரில் போச்சம்பள்ளிக்காரர் ஒருவர் மாங்கூழ் ஆலை முதலாளியாக உட்கார்ந்தார். நான் பத்து நிமிஷம் எங்கள் மையத்தைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்றேன். பின்னால் நின்ற பயிற்சியாளர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். முடிந்ததைக் கொடுங்கள் என்றால் அவருக்கு எவ்வளவு என்று தெரியாது, சட்டைப்பையில் இருக்கிற ஐந்நூறை எடுத்துக் கொடுப்பார், அதோடு அவர் கடமையும் முடிந்துவிடும். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்கே தெரியாதா என்று கேட்டார். கணக்குப் போடச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு மாதம் 350 ரூபாய், வருஷத்துக்கு 4,200, பத்துப் பிள்ளைக்கு 42,000. இப்போது கேளுங்கள் என்றார். “பத்துப் பிள்ளைங்களோட ஒரு வருஷப் படிப்பை நீங்க ஏத்துக்கணும், 42,000 ரூபாய் ஆகும்” என்றேன். சொல்லி முடித்ததும் வாய் தானாகத் திறக்கிறது, இல்லாவிட்டால் பாதியாவது, இல்லாவிட்டால் எப்போ முடியுமோ அப்போ என்று. பயிற்சியாளர் கையை உயர்த்தி வேண்டாம் என்று சைகை செய்தார். கேட்ட பிறகு பேசக்கூடாது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டே நின்றார், எட்டு, ஒன்பது, பத்து. அந்தப் பத்து விநாடி எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. எதிரில் இருந்தவர் விளையாட்டுக்கு உட்கார்ந்தவர்தான், ஆனாலும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். சரி, அஞ்சு பிள்ளைக்கு இப்போ குடுக்கறேன் என்றார்.

இதை அடுத்த மாதமே பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டி உரிமையாளரிடம் செய்தேன். அதற்கு முன்னால் மூன்று வருஷமாக அவர் ஆண்டு விழாவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார். நேரில் போய், அவர் சரக்கு இறங்குகிற நேரம் முடிந்து டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, தொகையைச் சொல்லிக் கேட்டுவிட்டு அமைதியாக இருந்தேன். 21,000 அன்றைக்கே அனுப்பினார், விலை ஏறட்டும், மீதியைப் பார்க்கிறேன் என்றார். இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். மூன்று வருஷமாக அவருக்குக் கொடுக்க மனசு இருந்திருக்கிறது, நாங்கள்தான் கேட்கவில்லை. அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள், நாங்களும் பல காலம் அழுது கேட்டுத்தான் பார்த்தோம். கஷ்டத்தைச் சொல்லிப் புலம்பியபோது கிடைத்தது ஆயிரம்தான்.

யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பதிந்துவைப்பதைச் சொல்லும்போது பயிற்சியாளர் மொய் நோட்டை இழுத்தார். நம்ம வீட்டில் இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணத்து மொய் நோட்டு இன்னமும் டிரங்குப் பெட்டியில் இருக்கும். பெயர், ஊர், தொகை, யார் வழிச் சொந்தம் எல்லாம் இருக்கும். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அதை எடுத்துப் பார்க்காமல் போகமாட்டோம். டிரஸ்டுக்குக் கொடுத்தவர் வீட்டு விசேஷம் நமக்குத் தெரியுமா? கொடுத்தவருக்கு இரண்டு நாளுக்குள் போன், அடுத்த முறை கேட்பதற்கு முன்னால் குறைந்தது இரண்டு தடவை பணம் கேட்காத பேச்சு, நோட்டில் அதற்கு ஒரு பத்தி. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிற ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள் என்றும் சொன்னார். வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லார் முன்னாலும் பேசி முடிவு செய்வார்கள், வசூலானதும் செலவுக் கணக்கைக் கோயில் வாசலில் படிப்பார்கள் அல்லது நோட்டீஸ் ஒட்டுவார்கள், அதனால்தான் அடுத்த வருஷமும் கொடுக்கிறார்கள். நாங்கள் ஆண்டறிக்கையை அழகாக அச்சடித்து அலமாரியில் வைத்திருந்தோம். இப்போது ஒரு பக்கக் கணக்கு ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் இருக்கிறது.

படங்களைப் பற்றி நடந்த ஒரு பேச்சையும் சொல்லவேண்டும். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்தவர் புளோரைடு தண்ணீர் பிரச்சினையில் வேலை செய்கிறவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தபிறகும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிற இடங்களில் வேலை. பல்லெல்லாம் பழுப்பேறிய ஒரு பெண் பிள்ளையின் படத்தைத் துண்டறிக்கை அட்டையில் போட்டிருந்தார். பயிற்சியாளர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு இது ஓசூரில் ஒரு கம்பெனி ஆபீசில் கிடக்கிறது என்று தெரியுமா, இன்னும் பத்து வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் இந்த நோட்டீஸ் எங்கேயாவது இருக்குமே என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் மீதி நோட்டீஸ்களைப் பைக்குள் வைத்தார். நாங்களும் எங்கள் படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தோம், அழுக்குச் சட்டையோடு அழுகிற பிள்ளை ஒன்று இருந்தது, எடுத்துவிட்டோம்.

வரிக் கணக்குப் பகுதி ஒன்றரை மணி நேரம். இது சுருக்கமாக இருந்தாலும் பலருக்குக் கண் திறந்தது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி கழிவு, அதாவது நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு, கிடையாது. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த மாதச் சம்பளக்காரருக்கும் 80ஜி கழிவு இல்லை, அதனால் வரி மிச்சமாகும் என்று சொல்லிக் கேட்காதீர்கள். க்யூஆர் கோடு ஒட்டிவைத்துவிட்டால் மட்டும் போதாது, வந்த 500 ரூபாய் யாருடையது என்று பெயர் முகவரி வாங்கி எழுதவேண்டும். ஆள் தெரியாத நன்கொடை ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. 80ஜி வாங்கிவிட்டோம், ஆயுளுக்கும் செல்லும் என்று இரண்டு அமைப்புகள் நினைத்துக்கொண்டிருந்தன. 2021-லிருந்து அப்படியில்லை, எல்லாரும் மறுபடி பதியவேண்டியிருந்தது, ஒப்புதலுக்குக் காலக்கெடு உண்டு.

எங்களுக்கு இதில் பழைய காயம். முன்பு எங்களுக்குக் கணக்குப் பார்த்த ஒருவர், யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்று வருமான வரித் துறைக்குச் சொல்கிற 10பிடி படிவத்தை மே 31-க்குள் போடாமல் விட்டுவிட்டார். அதைப் போட்டால்தான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் வரும், தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. 25,000 கொடுத்த ஒரு மருத்துவர், என் கணக்கில் உங்கள் நன்கொடை காட்டவில்லையே என்று மூன்று தடவை போன் பண்ணிவிட்டு நாலாவது தடவை பண்ணவே இல்லை. அவர் திரும்ப வரவில்லை. அந்தத் தேதியை இப்போது தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

இந்தப் பகுதியில் ஒரு குறை. கையேட்டில் இருக்கிற பிரிவு எண்கள், படிவ எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி. 2025-ல் கொண்டுவந்த புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, அதில் எண்கள் வேறு. நானும் இங்கே பழக்கத்தில் பழைய எண்களைத்தான் எழுதியிருக்கிறேன், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற கையேட்டில் ஒரு பக்கம் சேர்த்து இதைச் சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டாம் நாள் மதியம்தான் ஏமாற்றம். சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூக வேலைக்குச் செலவழிப்பது, அதைப் பற்றிப் பேச பெங்களூரிலிருந்து வேறொருவர் வந்தார். மூன்று மணி நேரம், நாற்பது ஸ்லைடு, முழுக்க ஆங்கிலம். வட்டமாக இருந்த நாற்காலிகள் மறுபடி வரிசைக்குப் போய்விட்டன, காலையில் அவ்வளவு பேசிய காவேரிப்பட்டணத்து அக்கா சாயந்திரம் வரை வாய் திறக்கவில்லை. அவர் சொன்னது தப்பென்று சொல்லமாட்டேன். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்கவேண்டும் என்பதெல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பணத்தை வாங்கவேண்டும் என்றால் டிரஸ்டுக்கு 12ஏ என்கிற வருமான வரி விலக்குப் பதிவு, 80ஜி, கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்கிற சிஎஸ்ஆர்-1 பதிவு, அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருஷ அனுபவம் வேண்டும் என்பதைக் கடைசி ஸ்லைடில்தான் சொன்னார். வந்திருந்தவர்களில் பாதிப் பேரிடம் 80ஜியே இல்லை. முதல் ஐந்து நிமிஷத்தில் இதைச் சொல்லியிருந்தால் அவர்கள் மீதி நேரத்தை வேறு எதற்காவது பயன்படுத்தியிருப்பார்கள்.

அவர் சொன்னதில் நான் எடுத்துக்கொண்டது ஒன்று. கம்பெனிகள் தாங்கள் இயங்குகிற பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஓசூரில் டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார் என்று இருக்கிற மாவட்டத்துக்காரர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. தர்மபுரிக்காரர்களான எங்களுக்கு அந்த அளவு கம்பெனிகள் பக்கத்தில் இல்லை, எங்களுக்கு மண்டியும் அரிசிக்கடையும் வெளியூரில் வேலை பார்க்கிற பழைய மாணவர்களும்தான்.

கம்பெனிப் பணம் வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் 10 சதவீதம் கொடுங்கள் என்று வருகிறவர்களைப் பற்றியும் அந்த மதியம் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எங்களிடம் ஒருவர் அப்படி வந்து, முன்பணமாக 15,000 வாங்கிக்கொண்டு போனார், வேறொரு டிரஸ்டின் விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மாற்றி எங்களிடம் கொடுத்தார், அதில் எங்களுக்கு இல்லாத முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. டீ நேரத்தில் பயிற்சியாளரிடம் தனியாகக் கேட்டேன். திரட்டுகிற தொகையில் சதவீதம் வாங்குவது இந்தத் தொழிலின் ஒழுக்க விதிகளுக்கே விரோதம், செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள், பங்கு கொடுக்காதீர்கள், கொடுப்பவர் உங்கள் பிள்ளைகளுக்கென்று கொடுத்த பணம் அது என்றார். இதை எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாம், அங்கே இருந்த பலருக்கு அது தேவைப்பட்டது.

ஆக, யார் போகலாம் என்றால், புதிதாக ஆரம்பித்தவர்களைவிட ஐந்து வருஷமாவது நடத்திச் சலித்துப்போனவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். உங்கள் பழைய தீர்மானப் புத்தகத்தையும் போன வருஷ வரவு செலவையும் கையோடு கொண்டுபோங்கள், பயிற்சியாளர் வாங்கிப் படிப்பார், அங்கேயே சொல்லுவார். சிஎஸ்ஆர் மதியம் உங்களுக்குப் பொருந்தாது என்று தோன்றினால் அவரிடமே சொல்லி ஓரமாக உட்கார்ந்து உங்கள் குழுவோடு பேசிக்கொள்ளுங்கள், நாங்கள் அப்படிச் செய்யாமல் விட்டோம். முன்வரிசையில் இடம் பிடிக்கவேண்டியதில்லை, காலையில் எப்படியும் வட்டம்தான்.

பயிற்சிக்குப் பிறகு இரண்டு தடவை போனில் பேசி எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பதாகச் சொன்னார்கள். முதல் அழைப்பு சரியாக ஒரு மாதத்தில் வந்தது, பயிற்சியாளரே முக்கால் மணி நேரம் பேசினார், மைய விஷயத்தைச் சொன்னபோது அந்தச் சீட்டை எழுதிய அக்காவிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்டு அவரோடும் பேசினார். இரண்டாவது அழைப்பு மூன்றாம் மாதம் வரவேண்டியது, நாலாவது மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் வரவில்லை. வந்தால் இதில் சேர்த்து எழுதுகிறேன்.